ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சாம்சங் கைப்பேசியை வைத்துவிட்டு ரெட்மி வாங்கினால் அது கைப்பேசி மாற்றம். சாம்சங்கை வைத்துவிட்டு ஐபோன் வாங்கினால் அது தள மாற்றம். முதலாவதில் பழைய கணக்கைப் புதிய கைப்பேசியில் திறந்தால் பெரும்பாலும் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இரண்டாவதில் சில வரும், சில வராது, சில நீங்கள் சரியான நேரத்தில் சரியானதைச் செய்தால் மட்டும் வரும்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் பெற்றோருக்கு ஐபோன் வாங்கித் தருவது இப்போது சாதாரணம். தன் பழைய ஐபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குபவர்களும் உண்டு. அன்போடு கொடுப்பதுதான். ஆனால் மறைந்த தந்தையின் குரல் பதிவு, பேரப்பிள்ளையின் முதல் படங்கள், சம்பளம் விழும் வங்கிக் கணக்கு எல்லாம் இன்று அந்தச் சிறு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. எனவே எந்தத் தளம் சிறந்தது என்று கேட்பதற்கு முன், கடக்கும்போது எது கூட வரும் என்று கேட்பது நல்லது.

இரண்டு தளங்கள், அருகில் ஒரு மூன்றாவது

ஒரு காலத்தில் நோக்கியா, பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் என்று பல தளங்கள் இருந்தன. வாட்ஸ்அப் எனும் புலனம் 2019 இறுதியோடு விண்டோஸ் போனைக் கைவிட்டது. பிளாக்பெர்ரி தன் பழைய கைப்பேசிகளுக்கான சேவையை 2022 ஜனவரி 4-இல் நிறுத்தியது. இன்று மிஞ்சியிருப்பவை கூகுளின் ஆண்ட்ராய்டும் ஆப்பிளின் ஐபோனும்தான்.

ஹுவாவே கைப்பேசியைத் தனியே பார்க்க வேண்டும். 2019-இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பின் வெளிவந்த ஹுவாவே கைப்பேசிகளில் கூகுள் பிளே ஸ்டோர் இல்லை. கருவி நன்றாக இருக்கும், கேமராவும் நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் வங்கிச் செயலியும் மின்பணப்பையும் அதில் சிக்கலின்றி இயங்குகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செலவு: விலை மட்டும் அல்ல

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் ரிம1,700. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோவுக்குச் சிறு தொகையும் போனால் கைக்கு வருவது ஏறக்குறைய ரிம1,500. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-இன் தொடக்க விலை ரிம3,999. அதே ஆண்டு முற்பகுதியில் வந்த ஐபோன் 16இ-இன் தொடக்க விலை ரிம2,999.

ரிம3,999-ஐ 24 மாதங்களுக்குப் பிரித்தால் வட்டி இல்லாமலேயே மாதம் ரிம167 வரும். கைக்கு வரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கைப்பேசிக்கே போகும். தவணைக் கடையில் வட்டியும் சேரும். “மாதம் எவ்வளவு?” என்று கேட்பதோடு “கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?” என்றும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பழுதுச் செலவும் உண்டு. பிரபலமான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரையைச் சிற்றூர்க் கடையிலேயே மாற்றிவிடலாம். ஐபோனுக்கு அசல் உதிரிப்பாகமும் உத்தரவாதமும் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். அவை பெரும்பாலும் பெரிய பேரங்காடிகளில் இருக்கின்றன. ஆப்பிளின் சொந்தக் கடை கோலாலம்பூர் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூன் 22-இல் திறக்கப்பட்டது. சுங்கை பூலோவில் எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தில் ஏறினால் நேரே அங்கே இறங்கலாம். ஆனாலும் அதற்கு ஒரு நாள் வேலை போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐபோன் நீண்ட காலம் உழைக்கும். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, 2019-இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 11-க்கும் கிடைத்தது. மலிவான ஆண்ட்ராய்டுகளில் சில இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பாதுகாப்பு மேம்பாட்டை இழந்துவிடுகின்றன. எல்லா ஆண்ட்ராய்டும் அப்படி அல்ல. சாம்சங்கின் எளிய வரிசையில் உள்ள கேலக்சி ஏ16-க்கு ஆறு ஆண்டு மேம்பாடு உண்டு என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது. எஸ்24 முதல் உயர்வகைகளுக்கு ஏழு ஆண்டு. எனவே ஆண்ட்ராய்டு வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, மேம்பாடு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள்.

தோட்டத்தில் ‘லைன்’ கிடைக்குமா?

“ஐபோன் வாங்கினால் லைன் நன்றாகக் கிடைக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் சமிக்ஞை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோபுரத்தைப் பொறுத்தது, கைப்பேசியின் தளத்தைப் பொறுத்தது அல்ல. செம்பனைக்கு நடுவே உள்ள குடியிருப்பில் ஒரு நிறுவனத்தின் சமிக்ஞை நன்றாக இருக்கும், இன்னொன்று வாசலில் நின்றால்தான் கிடைக்கும். ரிம3,999 செலவழிக்கும் முன், பக்கத்து வீட்டார் எந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் 2008 முதல் இருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. இப்போது தெளிவான அழைப்புக்கு 4ஜி வழிக் குரல் வசதியான வோல்ட்இ வேண்டும். கடைகளில் ‘ஏபி செட்’ என்று மலிவாக விற்கப்படும் வெளிநாட்டுக் கைப்பேசிகள் சிலவற்றில் இந்த வசதி நம் நிறுவனங்களோடு ஒத்துப்போகாது. உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு ஓர் அழைப்பு செய்து பாருங்கள்.

தமிழ் எதில் நன்றாக இருக்கிறது?

முன்பு இது பெரிய கேள்வி. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் கணினிக்கு முரசு அஞ்சலை உருவாக்கினார். அவருடைய செல்லினம் 2005-இல் கைப்பேசிக்குத் தமிழைக் கொண்டு வந்தது. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-இல் அஞ்சல், தமிழ்99 விசைமுகங்கள் ஐபோனுக்குள்ளேயே சேர்ந்தன. இன்று செல்லினம் இரு தளங்களிலும் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டும் தமிழுக்கு இடம் தருகிறது. அமைப்புப் பட்டியல் முழுவதும் தமிழில் தெரியும் வசதி ஆண்ட்ராய்டில் முன்பே இருந்தது. ஐபோனில் அது 2025-இல் ஐஓஎஸ் 18.4 வழியாக வந்தது.

ஆகவே தமிழுக்காகத் தளம் மாற வேண்டியதில்லை, தமிழுக்குப் பயந்து மாறாமல் இருக்கவும் வேண்டியதில்லை. தட்டச்சு செய்யாமல் தமிழில் பேசி எழுத்தாக்கும் பழக்கம் உள்ள பெரியவர்கள் மட்டும், புதிய கைப்பேசியில் அது எப்படி வருகிறது என்று வாங்கும் முன் பேசிப் பார்த்துவிடுங்கள்.

புலனம்: அதிகம் தொலைவது இங்கேதான்

ஆண்ட்ராய்டில் உங்கள் புலன உரையாடல்களின் காப்புநகல் கூகுள் கணக்கில் சேமிக்கப்படுகிறது. ஐபோனில் அது ஐகிளவுடில் சேமிக்கப்படுகிறது. கூகுளில் உள்ள காப்புநகலை ஐபோன் திறக்காது. ஐகிளவுடில் உள்ளதை ஆண்ட்ராய்டு திறக்காது. “பேக்கப் எடுத்துவிட்டேன்” என்று நிம்மதியாகப் பழைய கைப்பேசியை அழித்தவர்கள், புதியதில் வெறும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அதிர்ந்துபோவது இதனால்தான்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களை மாற்ற 2022 முதல் அதிகாரப்பூர்வ வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போட்டு அதன் வழியாக மாற்ற வேண்டும். இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

ஐபோன் புதியதாக இருக்க வேண்டும், அல்லது முழுவதும் அழிக்கப்பட்டுத் தொடக்க நிலையில் இருக்க வேண்டும். முதன்முறை அமைக்கும்போதுதான் இந்த மாற்றம் நடக்கும். கடைக்காரரோ பிள்ளையோ அன்போடு முன்கூட்டியே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்துவிட்டால், மீண்டும் அழித்துத்தான் தொடங்க வேண்டும்.

இரண்டிலும் ஒரே தொலைபேசி எண் இருக்க வேண்டும். இரண்டும் மின்சாரத்தில் செருகப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அல்லது ஐபோனின் ஹாட்ஸ்பாட்டில் ஆண்ட்ராய்டை இணைக்க வேண்டும்.

தனி உரையாடல், குழு உரையாடல், படம், குரல் பதிவு ஆகியவை வரும். அழைப்புப் பட்டியல் வராது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்புபவர்கள் புதிய ஆண்ட்ராய்டை முதன்முறை அமைக்கும்போது கேபிள் வழியாக மாற்றலாம். சாம்சங்கில் இதற்கு ஸ்மார்ட் சுவிட்ச் செயலி உதவும். கிளம்பும் முன் ஐபோனில் ஐமெசேஜை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

எந்த வழியில் போனாலும், உயிராக நினைக்கும் குரல் பதிவுகளையும் படங்களையும் மாற்றத்தை நம்பி விடாதீர்கள். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் கூகுள் டிரைவுக்கோ உங்கள் மின்னஞ்சலுக்கோ முன்பே அனுப்பி வையுங்கள். அரை மணி நேர வேலைதான். கூகுள் போட்டோஸ் இரு தளங்களிலும் இயங்குகிறது, 15 ஜிபி இலவசம். ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே, அது விரைவில் நிறைந்து மாதக் கட்டணம் கேட்கும்.

வங்கியும் மின்பணப்பையும்

குறுஞ்செய்தி வழி வரும் டேக் எண்ணைப் படிப்படியாகக் கைவிட்டுச் செயலி வழி உறுதிப்படுத்துமாறு பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதன்படி ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசிதான் பாதுகாப்புக் கருவியாகப் பதிவாகும். புதிய கைப்பேசியைப் பதிவு செய்ததும் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. மேபேங்கில் இது 12 மணி நேரம். அந்த நேரத்தில் செயலி வழியாகப் பணப் பரிமாற்றத்தை உறுதி செய்ய முடியாது. சில வங்கிகளில் ஏடிஎம் இயந்திரத்துக்கோ கிளைக்கோ போக வேண்டியும் வரலாம்.

எனவே சம்பள நாளிலோ, கார்த் தவணை கட்டும் நாளிலோ, மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவிலோ கைப்பேசி மாற்றாதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டச் என் கோ மின்பணப்பையில் உள்ள பணம் கைப்பேசிக்குள் இல்லை, உங்கள் எண்ணோடு சேர்ந்த கணக்கில் இருக்கிறது. அதே எண்ணில் நுழைந்து அடையாளத்தை உறுதி செய்தால் கிடைத்துவிடும். ஆகவே எண் உயிரோடு இருப்பது முக்கியம். முன்கட்டண சிம்மில் டாப் அப் போடாமல் விட்டு எண் காலாவதியானால் புலனம், மின்பணப்பை, வங்கி மூன்றுக்கும் சிக்கல் வரும்.

டோல் அட்டையில் கைப்பேசியை வைத்தே பணம் ஏற்றுபவர்களுக்கு என்எப்சி வசதி வேண்டும். இப்போது விற்கும் ஐபோன்களில் அது உண்டு. மலிவான ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் இல்லை.

மோசடி: யாருக்கு எது பாதுகாப்பு?

கல்யாணப் பத்திரிகை என்று புலனத்தில் ஒரு கோப்பு வருகிறது. தட்டியதும் ‘ஏபிகே’ வகைச் செயலி ஒன்று கைப்பேசிக்குள் ஏறிக்கொள்கிறது. அது குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிப் பணத்துக்கு வழி தேடுகிறது. காவல்துறை பலமுறை எச்சரித்துள்ள மோசடி இது. ஏபிகே கோப்பு ஆண்ட்ராய்டில் மட்டுமே ஏறும், ஐபோனில் ஏறாது. வருவதையெல்லாம் தட்டிப் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், தளம் மாற்றுவதற்கு இது நியாயமான காரணம்.

ஆனால் ஐபோன் வைத்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிப் பேசிப் பணம் பறிப்பவனுக்கு உங்கள் தளம் எதுவென்று கவலை இல்லை. பணம் போனது தெரிந்தால் உடனே வங்கியையும் 997 எண்ணில் தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தையும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பள்ளிப் பிள்ளைகள்

கல்வி அமைச்சின் டெலிமா தளம் கூகுள் வகுப்பறையைப் பயன்படுத்துகிறது. அது ஐபோனிலும் இயங்கும். ஆனாலும் பாடத்துக்கென்று மட்டும் வாங்குவதாக இருந்தால் எளிய ஆண்ட்ராய்டே போதும்.

பிள்ளையின் கைப்பேசியைக் கண்காணிக்க விரும்பும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவும். கூகுளின் பேமிலி லிங்க் செயலியைப் பெற்றோர் ஐபோனிலும் வைத்துக்கொண்டு பிள்ளையின் ஆண்ட்ராய்டைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் பிள்ளையின் ஐபோனைக் கட்டுப்படுத்தப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி இருக்க வேண்டும்.

யார் மாறலாம், யார் மாற வேண்டாம்?

மாறலாம்: வீட்டில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஐபோன் வைத்திருந்து, கேள்வி வந்தால் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருந்தால்; ஒரு கைப்பேசியை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கும் பழக்கம் இருந்தால்; ஏபிகே மோசடி பற்றிய பயம் இருந்தால்; கடன் இல்லாமல் வாங்க முடிந்தால்.

மாற வேண்டாம்: இப்போதைய ஆண்ட்ராய்டு நன்றாக இயங்கினால், குறை சமிக்ஞையில் மட்டும் இருந்தால், தவணையை நம்பித்தான் வாங்க வேண்டும் என்றால், திரும்பும் பொத்தான் எங்கே என்று பழகிய கை உள்ள பாட்டி தனியாக வசிக்கிறார் என்றால். எழுபது வயதில் ஒரு கைப்பேசியைப் பழகியவருக்கு அந்தப் பழக்கமே பெரிய சொத்து. அவருக்கு அதே நிறுவனத்தின் புதிய ஆண்ட்ராய்டு ஒன்றே பெரும்பாலும் நல்ல பரிசு.

மாறுவதாக முடிவெடுத்தால், இந்த வரிசையில்

1. பழைய கைப்பேசியில் தொடர்பு எண்கள் சிம்மில் இருக்கின்றனவா, கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள்.

2. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் புலனத்தின் இரட்டைப் பாதுகாப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

3. முக்கியமான குரல் பதிவு, படங்களைத் தனியே அனுப்பி வையுங்கள்.

4. இரண்டு கைப்பேசியையும் மின்னேற்றிக்கொண்டு, நல்ல இணையம் உள்ள இடத்தில் உட்காருங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் நாடி மையம் அருகில் உள்ளதா என்று விசாரியுங்கள். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன.

5. புதிய கைப்பேசியை அமைக்கும்போதே மாற்றத்தைச் செய்யுங்கள். முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

6. புலனத்தில் பழைய குழு ஒன்றைத் திறந்து, பழைய படமும் குரல் பதிவும் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

7. அடுத்த நாள் காலையில் வங்கிச் செயலியைப் பதிவு செய்யுங்கள். காத்திருப்பு நேரம் முடிந்ததும் ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

8. குறைந்தது இரண்டு வாரம் பழைய கைப்பேசியை அழிக்காமல், விற்காமல், யாருக்கும் கொடுக்காமல் வையுங்கள்.

பயன்படுத்திய ஐபோன் வாங்குவோருக்கு

விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து, உங்கள் கண் முன்னே கைப்பேசியை அழிக்க வேண்டும். “வீட்டுக்குப் போய்ச் செய்து தருகிறேன்” என்றால் பணம் கொடுக்காதீர்கள். அவர் கணக்கில் பூட்டிய ஐபோனை வேறு யாராலும் முறையாகத் திறக்க முடியாது. மின்கல ஆரோக்கியத்தையும், உதிரிப்பாகங்கள் மாற்றப்பட்டுள்ளனவா என்பதையும் அமைப்புப் பகுதியிலேயே பார்க்கலாம். ஐபோன் 15-க்கு முந்தியவற்றில் மின்னேற்றும் துளை வேறு வகை, வீட்டில் உள்ள டைப் சி கேபிள் பொருந்தாது.

கடையில் வாங்கினால் ரசீதும் உத்தரவாதமும் எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ரிம5 கட்டணத்தில் வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரிம50,000 வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். முகநூலில் பார்த்துத் தனிநபரிடம் வாங்கியதற்கு அந்த வழி கிடையாது. எனவே விலை குறைவாக இருந்தாலும், ரசீது தரும் கடையில் வாங்குவதே பலருக்கு லாபம்.